சான்றிதழ் பிழை வந்தால் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்

மருதமுனையில் கைத்தறிச் சாரம் விற்கிற நண்பர் ஒருவருக்கு, இணையத்தில் வரும் ஓடர்களைக் கடைக் கணினிக்கு இழுத்துக்கொள்ளும் சின்னப் பைதன் நிரல் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஒருநாள் அது நின்றுவிட்டது. போனில் தளம் வடிவாகத் திறக்கிறது, நிரல் மட்டும் சான்றிதழை, அதாவது தளம் தான் யார் என்று நிரூபிக்கக் காட்டும் அடையாளப் பத்திரத்தை, சரிபார்க்க முடியவில்லை என்று அடம்பிடிக்கிறது. நான் மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் யாரோ அவருக்கு "சரிபார்ப்பை நிறுத்திவிடுங்கள், ஓடும்" என்று சொல்லிக்கொடுத்து, அவரும் நிறுத்தி, நிரலும் ஓடிக்கொண்டிருந்தது. செய்யவே கூடாத வேலை அது. தகவல் பூட்டுப்பட்டுத்தான் போகும், ஆனால் யாரோடு சேர்ந்து பூட்டுகிறோம் என்பது தெரியாது. நடுவில் குந்தியிருக்கிறவன் தன்னுடைய சாவியை நீட்டிவிட்டு எல்லாவற்றையும் வாசிக்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். தேவையானது ஓப்பன்எஸ்எஸ்எல், சான்றிதழ்களைச் சோதிக்க உதவும் கட்டளைக் கருவி. உபுண்டுவில் பெரும்பாலும் ஏற்கனவே இருக்கும், விண்டோஸில் கிட் என்ற நிரல் எழுதுபவர்களின் கருவியை நிறுவினால் கூடவே வந்துவிடும். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதல் படி. டெர்மினலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்று தட்டி, இடைவெளி விட்டு எஸ் அடிக்கோடு கிளையன்ட், பிறகு கோடு போட்டு கனெக்ட், பிறகு இடைவெளி விட்டுத் தளத்தின் பெயர், முக்காற்புள்ளி, 443. கூடவே அதே மாதிரி கோடு போட்டு ஷோசேர்ட்ஸ் என்ற தெரிவையும் சேருங்கள். நிறைய எழுத்து ஓடும், பயப்பட வேண்டாம். "வெரிஃபை ரிட்டர்ன் கோட்" என்ற வரியைத் தேடுங்கள். அதிலுள்ள எண்தான் நோயின் பெயர்.

0 என்றால் சரி. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது: இந்தக் கட்டளை தளத்தின் பெயரைத் தானாக ஒப்பிடுவதில்லை. வெரிஃபை அடிக்கோடு ஹோஸ்ட்நேம் என்ற தெரிவோடு பெயரையும் கொடுத்தால்தான் பார்க்கும். பெயர் பொருந்தாவிட்டால் 62 வரும்.

10 என்றால் காலாவதி. 9 என்றால் சான்றிதழ் இன்னும் தொடங்கவேயில்லை. 9 வந்தால் சான்றிதழை விட்டுவிட்டு முதலில் உங்கள் கணினியின் மணிக்கூட்டைப் பாருங்கள், மதர்போர்ட் பற்றரி செத்த பழைய கணினி கறண்ட் போய் வரும்போதெல்லாம் பழைய வருடத்துக்குத் திரும்பிவிடும். இன்னொன்று, சான்றிதழில் நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும். நள்ளிரவு என்று போட்டிருந்தால் எங்களுக்கு அது விடிய 5.30.

நண்பருக்கு வந்தது 21, அதாவது முதல் சான்றிதழையே சரிபார்க்க முடியவில்லை. பைதனில் இதே கோளாறு 20இன் வாசகத்தோடு, அதாவது கொடுத்தவரின் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று வரும், குழம்ப வேண்டாம். ஆரம்பத்தில் இருப்பவர்களை அதிகம் அலைய வைப்பது இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். வதிவிடச் சான்றுக்கு கிராம சேவகர் ஒப்பம் வைக்கிறார், பிரதேச செயலாளர் மேலொப்பம் வைக்கிறார். வேறு ஊர் அலுவலகத்துக்குக் கிராம சேவகரைத் தெரியாது, மேலொப்பத்தைப் பார்த்துத்தான் நம்பும். தளச் சான்றிதழுக்கும் இப்படி ஒரு இடைநிலைச் சான்றிதழ் கையெழுத்திட்டிருக்கும், அந்த இடைநிலைக்கு வேர்ச் சான்றிதழ் கையெழுத்திட்டிருக்கும். கணினி நம்புவது வேரை மட்டும். சேர்வர் தன்னுடையதை மட்டும் அனுப்பி இடைநிலையை விட்டுவிட்டால் சங்கிலி அறுந்துவிடும்.

அப்படியென்றால் போனில் எப்படித் திறந்தது? உலாவி நீண்டகாலம் வேலை செய்த கிளாக்கர் மாதிரி. கிராம சேவகரை ஏற்கனவே தெரிந்து வைத்திருக்கும், இல்லாவிட்டால் சான்றிதழில் எழுதியிருக்கிற முகவரிக்குத் தானே போய் இடைநிலையை எடுத்துவரும். பைதனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் "போனில் திறக்கிறதுதானே" என்பதைச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

உறுதிப்படுத்துவது சுலபம். ஓடிய எழுத்தில் 0, 1 என்று எண்ணிட்ட சான்றிதழ்கள் தெரியும். எஸ் என்பது யாருடையது, ஐ என்பது யார் கொடுத்தது. 0இன் ஐ வரியும் 1இன் எஸ் வரியும் ஒன்றாக இருக்க வேண்டும். நண்பரின் தளத்தில் 0 மட்டுமே இருந்தது. சான்றிதழ் எடுத்துத் தரும் கருவியான சேர்ட்பொட் நான்கு கோப்புகள் தரும்; தளத்தை நடத்தும் சேர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸின் அமைப்பில் சேர்ட் என்ற கோப்பைக் காட்டியிருந்தார்கள், ஃபுல்செயின் என்ற கோப்பைக் காட்டியிருக்க வேண்டும். ஒரு சொல்லை மாற்றி, என்ஜின்எக்ஸை ரீலோட் பண்ணினோம். ரீலோட் செய்யாவிட்டால் புதுக் கோப்பு வட்டில் இருக்கும், சேர்வர் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு நிரலில் சரிபார்ப்பைத் திரும்பப் போட்டோம்.

18, 19 வந்தால் யாரோ தாங்களே கையெழுத்திட்ட சான்றிதழ் உள்ளே இருக்கிறது. உங்கள் சொந்த அலுவலக சேர்வர் என்றால் அந்த வேர்க் கோப்பை சிஏஃபைல் தெரிவில் கொடுங்கள். உங்களுடையது இல்லையென்றால் நிறுத்திவிட்டு விசாரியுங்கள்.

சான்றிதழ் வரைக்கும் போகாமல் இரண்டு பக்கமும் பேச்சைத் தொடங்கிக் கைகுலுக்கும்போதே அறுந்தால் பிரச்சினை சாவிப் பரிமாற்றத்தில் இருக்கலாம். "டிஎச் கீ டூ ஸ்மோல்" என்று வந்தால், எதிர்ப்பக்க சேர்வர் டிஃபி ஹெல்மன் என்ற சாவிப் பரிமாற்ற முறைக்குச் சின்ன எண்ணை வைத்திருக்கிறது. உபுண்டு 20.04இலிருந்து 2048 பிட்டுக்குக் குறைந்ததை ஏற்காது. பாதுகாப்பு மட்டத்தைக் குறைத்தால் ஓடும்தான், ஆனால் 2015இல் வெளிவந்த லொக்ஜாம் தாக்குதல் சின்ன எண்களின் பலவீனத்தைத்தான் பிடித்தது. சேர்வரைத் திருத்தச் சொல்லுங்கள்.

உதவி கேட்டு யாருக்காவது அனுப்புவதென்றால் சான்றிதழை அனுப்பலாம், அது எல்லோருக்கும் காட்டுவதற்கே இருப்பது. உங்கள் இரகசியச் சாவி இருக்கும் பிரைவ்கீ என்ற கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள். ஏற்கனவே வட்ஸ்அப்பில் போட்டுவிட்டீர்களா? மெசேஜை அழிப்பது போதாது, புதுச் சாவியில் புதுச் சான்றிதழ் எடுத்து, பழையதை ரத்துச் செய்யுங்கள்.