வடிகட்டியைக் கழற்றியதும் மாறிய முடிவு

நிறுவனக் கையகப்படுத்தல்களை ஆராய்ந்தபோது ஒரு முடிவு உறுத்திக்கொண்டே இருந்தது: அறிவிப்பையொட்டி, வாங்கும் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு ஆதாயமே இல்லை. பிறகு ஏன் இத்தனை நிறுவனங்கள் வாங்குகின்றன?

மாதிரியைத் தேர்ந்தெடுக்கப் போட்டிருந்த வடிகட்டிகளை ஒவ்வொன்றாக நீக்கி, கணக்கை மறுபடி ஓட்டினேன். ஒப்பந்தத்தின் மதிப்பு வாங்குபவரின் சந்தை மதிப்பில் குறைந்தது 1 சதவீதம் இருக்க வேண்டும் என்ற வரம்பு சிறிய ஒப்பந்தங்களை விழுங்கியிருந்தது. மதிப்பை வெளியிடாத ஒப்பந்தங்களும் அதோடு போயிருந்தன. ஆனால் பெரிய மாற்றம் வேறிடத்தில். விற்கப்படும் நிறுவனமும் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்ததும் வாங்குபவரின் பங்குதாரர்களுக்குக் கிடைத்த சராசரி ஆதாயம் நேர்மறையாகத் திரும்பியது. பட்டியலிடப்படாத நிறுவனங்களையும் துணை நிறுவனங்களையும் வாங்குவதுதானே அதிகம்!

கைவிடப்பட்ட ஒப்பந்தங்களையும் சேர்த்தேன். அறிவிக்கும் நாளில் ஒப்பந்தம் நிறைவேறுமா என்று சந்தைக்குத் தெரியாது. ஒவ்வொரு வடிகட்டியிலும் எத்தனை ஒப்பந்தங்கள் உதிர்ந்தன, சராசரி எவ்வளவு நகர்ந்தது என்ற அட்டவணையை இப்போது முடிவுகளுக்கு முன்பே வைக்கிறேன்.