டிஎம்ஏ டிரைவரின் இடைமுகம்: எதைக் காட்டுவது, எதை மறைப்பது?

கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலையின் பம்புகள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றின் அதிர்வை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து பதிவுசெய்யும் கருவியை ஒரு சிறு குழு உருவாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்சாரிலிருந்து வரும் ஒவ்வோர் எண்ணையும் பிராசஸரே எடுத்து மெமரியில் வைத்துக்கொண்டிருந்தால், அதற்கு வேறு வேலை பார்க்க நேரமிருக்காது. அதனால் பிராசஸரின் தலையீடின்றித் தரவை நகர்த்தும் டிஎம்ஏ (டைரக்ட் மெமரி ஆக்சஸ்) கன்ட்ரோலரிடம் பொறுப்பை ஒப்படைக்கிறோம். எங்கிருந்து எடுத்து எங்கே வைப்பது, எத்தனை பைட் என்பதைப் பிராசஸர் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதைத் தெரிவிக்கும் இன்டரப்ட் என்ற சமிக்ஞை வரும்.

புதுச்சேரி, கடலூர்ப் பகுதி இளைஞர்கள் எழுதும் லினக்ஸ் டிரைவர்களை, அதாவது வன்பொருளை இயக்கும் நிரல்களை, வாசித்துத் திருத்துவது என் வேலை. சிப்பின் கையேட்டைப் பார்த்து ரிஜிஸ்டர்களை (சிப்பின் அமைப்புகளை எழுதும் இடங்களை) நிரப்புவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். சறுக்குவது, மற்ற நிரல்கள் டிரைவரை அணுகும் வழியான இடைமுகத்தில்தான். உள்ளே இருக்க வேண்டிய சிப் விவரம் பயனர் நிரல்வரை கசிந்துவிடுகிறது. வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டிய ஒரு விஷயம், அதாவது இந்த நிமிடம் பஃபர் (தரவு வந்து சேரும் மெமரிப் பகுதி) யார் வசம் இருக்கிறது என்பது, எங்கும் எழுதப்படுவதில்லை.

முதலில் கசிவைப் பார்ப்போம். பீகிள்போன் பிளாக் போர்டில் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்335எக்ஸ் சிப். அதிலுள்ள ஈடிஎம்ஏ கன்ட்ரோலர் ஒரு பரிமாற்றத்தை மூன்று எண்ணிக்கைகளால் விவரிக்கிறது. ஒவ்வொன்றும் 16 பிட். இந்த மூன்றையும் அப்படியே ஐஓசிடிஎல் (பயனர் நிரல் டிரைவருக்குக் கட்டளையிடும் அழைப்பு) கட்டமைப்பில் வைத்து, பயனர் நிரலே நிரப்பட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு வேலை சுலபமாக முடிகிறது. அடுத்த ஆண்டு போர்டு ராஸ்பெர்ரி பைக்கு மாறுகிறது. அங்கே டிஎம்ஏ, 32 பைட் கட்டுப்பாட்டுத் தொகுதிகளைச் சங்கிலியாகக் கோத்து ஓடுகிறது. பழைய மூன்று எண்களுக்கு அங்கே பொருளில்லை. பயனர் நிரல் முழுவதையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். பயனர் நிரலுக்குத் தேவை என்ன? எந்த வேகத்தில் அளப்பது, எத்தனை அளவுகள் சேர்ந்ததும் தகவல் தருவது, இவ்வளவுதான். இடைமுகமும் அதை மட்டுமே கேட்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது பயனர் நிரலிடமிருந்து பௌதிக முகவரியை, அதாவது மெமரியின் உண்மையான இட எண்ணை, வாங்கிக்கொள்வது. அந்த முகவரியில் டிஎம்ஏ எழுதும். அங்கே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே இருந்தாலும் எழுதும். நடுவே ஐஓஎம்எம்யூ (டிஎம்ஏ எட்டும் முகவரிகளைக் கட்டுப்படுத்தும் வன்பொருள்) இல்லாத சிப்பில் தடுப்பதற்கு எதுவுமில்லை. பாதுகாப்பை ஒருபுறம் வைத்தாலும், பௌதிக முகவரியும் டிஎம்ஏ பார்க்கும் முகவரியும் ஒன்றென்று நம்பவும் கூடாது. முதல் ராஸ்பெர்ரி பையின் பிசிஎம்2835 சிப்பில் ஒரே ரிஜிஸ்டருக்குப் பிராசஸரிடம் ஒரு முகவரி, டிஎம்ஏவிடம் வேறொரு முகவரி. பை 4 போர்டுகள் 8 ஜிபி மெமரியோடும் கிடைக்கின்றன. அதன் சாதாரண டிஎம்ஏ சேனல்களுக்கு எட்டுவதோ முதல் 1 ஜிபி மட்டும். முகவரியைக் கணக்குப்போட்டு எடுக்காமல், கெர்னலின் டிஎம்ஏ மேப்பிங் செயற்கூறுகள் தருவதையே பயன்படுத்துங்கள். அவை பிழை திருப்பினால் அதையும் சோதியுங்கள்.

கெர்னலுக்கு உள்ளேயும் இதே கசிவு உண்டு. கன்ட்ரோலர் டிரைவரில் சொந்தமாக ஒரு செயற்கூறு எழுதி, அதை ஏற்றுமதி செய்து, சென்சார் டிரைவர் நேரடியாக அழைக்கும்படி வைப்பார்கள். இரண்டும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும். டிஎம்ஏ எஞ்சின் என்ற பொது அடுக்கு 2006 முதல் லினக்ஸில் இருக்கிறது. எந்தச் சேனல் என்பதைப் போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் எழுதலாம். ஒரு சிப்புக்கு மட்டுமே உரிய அமைப்புகள் இருந்தால், சேனலின் அமைப்புகளைச் சொல்லும் ஸ்லேவ் கன்ஃபிக் கட்டமைப்பிலேயே பெரிஃபரல் கன்ஃபிக் என்று அவற்றுக்குத் தனி இடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பொதுக் கொடிகளில் (ஃபிளாக்) காலியாக இருக்கும் பிட்டைப் பிடித்து வேறு பொருள் கொடுப்பதை நான் ஏற்பதே இல்லை. இந்த அடுக்கில் புதியவர்கள் தவறவிடும் ஒன்று: சப்மிட் செய்தால் வேலை வரிசையில் சேரும், அவ்வளவே. இஷ்யூ பெண்டிங் அழைத்தால்தான் ஓடத் தொடங்கும்.

இனி பஃபரின் உரிமை. என் பார்வையில் முழுப் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. கடலூர்த் துறைமுகத்தில் ஏலம் படிந்துவிட்டால் கூடையிலுள்ள மீன் வாங்கியவருடையது. படகுக்காரர் அதற்குப் பிறகு கை வைப்பதில்லை. பஃபரும் அப்படித்தான். மேப் செய்த, அதாவது டிஎம்ஏவிடம் ஒப்படைத்த, நொடியிலிருந்து அது டிஎம்ஏவுக்குச் சொந்தம். அன்மேப் செய்து திரும்பப் பெற்ற பிறகோ, பிராசஸருக்காக சிங்க் செய்த (புதிய தரவு அதற்குத் தெரியும்படி செய்த) பிறகோதான் பிராசஸர் தொடலாம்.

தொட்டால் என்ன ஆகும்? மெமரியின் நகலைப் பிராசஸர் தன் அருகே வைத்துக்கொள்ளும் இடம் கேச்; அது வரி வரியாக நிரம்பும். கார்டெக்ஸ் ஏ53 போன்ற பிராசஸரில் கேச் வரி 64 பைட். கேச் ஒத்திசைவை (கேச்சும் மெமரியும் ஒன்றுபோல் இருப்பதை) வன்பொருளே கவனிக்காத போர்டில், ஒரு கட்டமைப்புக்குள் 16 பிட் அளவுகளுக்கான பஃபரும் அதன் தலைமாட்டில் ஒரு எண்ணிக்கை மாறியும் ஒட்டி இருக்கின்றன என்று கொள்வோம். டிஎம்ஏ மெமரியில் எழுதிக்கொண்டிருக்கும்போது பிராசஸர் அந்த மாறியை ஒன்று கூட்டுகிறது. பஃபரின் தொடக்கப் பகுதியும் அதே கேச் வரியில் சேர்ந்து வந்துவிடுகிறது. பிறகு அந்த வரி மெமரிக்குத் திரும்ப எழுதப்படும்போது, புதிதாக வந்த அளவுகளின் மேல் பழையவை படிகின்றன. வரைபடத்தில் பார்த்தால் ஒவ்வொரு தொகுப்பின் தொடக்கத்திலும் ஏறக்குறைய முப்பது அளவுகள்வரை முந்தைய தொகுப்பின் மிச்சம் தெரியும். பம்பின் பேரிங் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக் கழற்றிப் பார்ப்பார்கள்; பேரிங் நன்றாகவே இருக்கும். டிஎம்ஏ பஃபரைத் தனியாக ஒதுக்குங்கள். ஸ்டாக்கில் (செயற்கூறின் தற்காலிக மாறிகள் இருக்கும் இடத்தில்) உள்ள மாறியை டிஎம்ஏவுக்குக் கொடுக்கவே கூடாது.

இந்த உரிமை மாற்றம் இடைமுகத்திலேயே தெரிய வேண்டும். லினக்ஸின் வி4எல்2 கேமரா இடைமுகம் இதற்கு நல்ல முன்மாதிரி: ஒரு கட்டளை பஃபரை டிரைவரிடம் கொடுக்கிறது, இன்னொன்று நிரம்பியதைத் திரும்ப வாங்குகிறது. இடையில் யாருடையது என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. நம் அதிர்வுக் கருவிக்கு அதைக்கூட நாமே எழுத வேண்டியதில்லை. சென்சார்களுக்காக லினக்ஸில் உள்ள ஐஐஓ துணையமைப்பு, சென்சார் தரவை டிஎம்ஏ எஞ்சின் வழியாகப் பஃபரில் சேர்க்கும் வசதியை ஏற்கெனவே வைத்திருக்கிறது. முதலில் அங்கே தேடுங்கள்.

நிறுத்துவதையும் வடிவமைக்க வேண்டும். பயனர் நிரல் திடீரென்று மூடப்பட்டாலும் டிஎம்ஏ தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும். அது நிற்பதற்கு முன் மெமரியை விடுவித்தால், வேறொருவரின் தரவு மேல் எழுதும். டிஎம்ஏவை நிறுத்தி, அது நிற்கும்வரை காத்திருக்கும் டெர்மினேட் சிங்க் செயற்கூறை அழைத்து, அது திரும்பி வந்த பிறகே விடுவியுங்கள். ஆனால் அதை டிஎம்ஏ முடிந்ததும் அழைக்கப்படும் கால்பேக்குக்குள் அழைக்கக் கூடாது; அந்தக் கால்பேக் முடியும்வரை அதுவே காத்திருப்பதால் இரண்டும் உறைந்துவிடும்.

மேசைக் கணினியில் சோதித்துவிட்டுத் திருப்தியடைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்86 கணினிகளில் கேச் ஒத்திசைவை வன்பொருளே பார்த்துக்கொள்வதால், சிங்க் விட்டுப்போனாலும் எல்லாம் சரியாக ஓடும். ஆர்ம் போர்டில் ஏற்றிய பிறகுதான் கெடும். அதே கணினியில் கெர்னலைத் தொடங்கும்போது ‘எஸ்டபிள்யூஐஓடிஎல்பி=ஃபோர்ஸ்’ என்ற அளவுருவைக் கொடுத்தால், மேப் செய்யும் பஃபர்கள் இடைநிலை நகல் வழியாகவே போகும்; விட்டுப்போன சிங்க் உடனே பிடிபடும். டிஎம்ஏ ஏபிஐ டீபக் அமைப்பையும் சேர்த்து இயக்கினால், அன்மேப் செய்யாமல் விட்டதும் பிழையைச் சோதிக்காததும் கெர்னல் பதிவில் வரிவரியாக வந்து விழும்.