அம்மாவின் வலியை எப்படி நிறுப்பது

"பத்துக்கு எத்தனை வலி?" என்று கிளினிக்கில் கேட்டார்கள். அம்மா யோசிக்காமல் "பதினெட்டு" என்றார். 31 வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், என்று இருந்த தோட்டம். எண் என்றாலே அவருக்கு அதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. இலங்கை மலைநாட்டில் எங்கள் ஊர்ப்பக்கமான ஹட்டனுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது, அளவுகோலின் இரண்டு நுனியும் எது என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை.

முதலில் அதைச் சொல்லுங்கள். 0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் நினைத்துப் பார்க்க முடிந்ததிலேயே மோசமான வலி. அம்மா 10-க்கு வைத்தது நான் பிறந்த இரவை. மழையில் லொறி வராமல் லயத்துக் காம்பராவிலேயே, தோட்டத்து வரிசை வீட்டு அறையிலேயே, பெற்றாராம். உங்கள் வீட்டில் அது வேறொன்றாக இருக்கும். அதனால்தான் ஒருவருடைய 6-ஐ இன்னொருவருடைய 6-உடன் ஒப்பிடக் கூடாது. பக்கத்துக் காம்பரா ஆச்சி 4 சொல்கிறாரே என்று ஆரம்பித்தால் எல்லாம் கெட்டது.

அப்புறம், ஒரே ஒரு எண் போதாது. நான் மாலை ஆறு மணிக்கு, சாமி விளக்கு ஏற்றியதும், நான்கு கேட்பேன்: நேற்று இந்நேரத்திலிருந்து இதுவரை அதிகமாக எத்தனை, குறைவாக எத்தனை, பொதுவாக எத்தனை, இப்போது எத்தனை. மாதக் கணக்கில் ஞாபகத்திலிருந்து கேட்டால், இன்றைய வலி பழைய நாளின் மேலும் சாயம் பூசிவிடும். கிளினிக்குக்கு முந்தின ஒரு கிழமை, ஏழு நாளும், ஒரு கொப்பியில் எழுதினால் போதும். மணிக்கொரு தரம் கேட்டு நச்சரிக்காதீர்கள். வலியை மறந்திருப்பவருக்கு நாமே ஞாபகப்படுத்துவதாகிவிடும்.

சொன்ன எண்ணை அப்படியே எழுதுங்கள். "சிரிச்சுப் பேசுறீங்களே, ஏழா?" என்று நானும் ஒரு நாள் கேட்டுவிட்டேன். "தண்ணிக்குக் கழிக்கிற கணக்கப்பிள்ளை மாதிரி நீயும் கழிக்கிறியா?" என்றார். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கணக்கப்பிள்ளை கிலோ கழித்த கோபம் இன்னும் ஆறவில்லை. நியாயம்தான். வருஷக்கணக்காக வலியோடு இருப்பவர்கள் முகத்தில் அதைக் காட்டாமல் இருக்கப் பழகிவிடுகிறார்கள்.

எண் பிடிபடாதவர்களுக்கு இல்லை, கொஞ்சம், நடுத்தரம், கடுமை என்ற சொற்களே போதும். 10 சென்டிமீட்டர் கோடு கீறிப் புள்ளி வைக்கச் சொல்வதும் உண்டு. வயதானவர்களுக்கு அது அவ்வளவாகச் சரிவராது.

பக்கத்தில் ஒரு வேலையையும் எழுதுங்கள். அம்மாவுக்கு அது லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் படி: எத்தனை படியில் நின்றார் என்று. வலி 6-லேயே இருந்தும் நிற்காமல் ஏறினால் அது முன்னேற்றம். உளைகிறதா, குத்துகிறதா, எரிகிறதா, கரண்ட் அடித்த மாதிரி ஓடுகிறதா என்பதையும் அவர் சொல்லிலேயே குறியுங்கள். எரிச்சலும் மரத்துப்போவதும் நரம்பு வலியாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

ஒரு புள்ளி ஏறி இறங்குவதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள வேண்டாம். 2 புள்ளியோ, ஏறத்தாழ 30 சதவீதமோ குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள்.

முதுகு வலியோடு கால் திடீரென்று பலம் இழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ கொப்பியைத் தேட வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.