சித்தியே அண்ணியானால் கோடு எங்கே போடுவது?

எங்கள் வீட்டில் கிராஃப் தாளுக்குப் பஞ்சமில்லை. அம்மாப்பேட்டையில் என் வீட்டுக்காரர் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகப் பட்டுத் தறிதான் தொழில். ஜக்கார்டு அட்டை குத்துவதற்கு முன் முந்தானை டிசைன் போட்டுப் பார்க்கிற பெரிய தாள்கள் பரணில் எப்போதும் சுருண்டு கிடக்கும். நான் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் 26 ஆண்டு வரலாறு நடத்தினேன். தினமும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்கியதில் முதுகு போனதுதான் மிச்சம். ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வெசெக்ஸ் பகுதியை ஆண்ட எதெல்வுல்ஃபின் பிள்ளைகள் எதெல்ஸ்டன், எதெல்பால்ட், எதெல்பெர்ட், எதெல்ரெட் என்று கரும்பலகையில் எழுதினால், "மிஸ், எல்லாம் ஒரே பேரு மாதிரி இருக்கு" என்று ஒரு குரல் வராத வருஷமே கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து அந்தப் பழைய இங்கிலாந்து அரச வம்சங்களையும், கடலுக்கு அக்கரையில் இன்றைய பிரான்ஸ் பக்கம் ஆண்ட பிராங்கு வம்சங்களையும் ஒரே தாளில் வரைந்து முடித்தேன். நான்கு தாள் வீணான பிறகு பிடிபட்ட வழி இது.

இரண்டு தாளை நீளவாக்கில் ஒட்டிக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் 450 முதல் 1000 வரை ஆண்டுகளைக் குறியுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து ஆண்டு என்று வைத்தால் 55 செ.மீ. வரும். நடுவில் நாலு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள், அதுதான் கடல். கடலுக்கு இடப்பக்கம் இங்கிலாந்தின் சிற்றரசுகள் (வெசெக்ஸ், எசெக்ஸ், கென்ட், மெர்சியா, நார்தம்பிரியா), வலப்பக்கம் பிராங்குகள். ஆண்டுக் கணக்கு இல்லாமல் வெறும் பெட்டி பெட்டியாக வரைந்தால் தாத்தாவும் பேரனும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள்.

உச்சியில் இருப்பவர்களைப் பேனாவால் எழுதாதீர்கள். வெசெக்ஸ் அரசர்கள் செர்டிக் வழியாக வோடன் என்ற தெய்வம் வரை போவார்கள். 855-ஆம் ஆண்டுக் குறிப்பில் அதுவும் போதாமல் நோவாவின் பேழையில் பிறந்த ஒரு மகனைப் பிடித்து ஆதாம் வரை ஏறிவிட்டார்கள். பிராங்குகளின் முதல் அரச வம்சமான மெரோவிங்கியர்களுக்கு ஒரு கடல் விலங்கை மூதாதையாகச் சொல்லும் கதை உண்டு. நம் சோழர் செப்பேடுகளும் சூரியனில்தானே தொடங்குகின்றன! அதெல்லாம் பென்சிலில் இருக்கட்டும். பிராங்குகள் பக்கம் பேனாவை எடுக்கத் தைரியம் தருகிற முதல் ஆள் சில்டெரிக். அவருடைய கல்லறை 1653-இல் தூர்னே நகரில் கிடைத்தது, பெயர் பொறித்த முத்திரை மோதிரத்தோடு.

பெயர்களை முழுசாக மனப்பாடம் செய்ய வேண்டாம், இரண்டாக உடையுங்கள். எதெல் என்றால் உயர்குடி, எட் என்றால் செல்வம், வுல்ஃப் ஓநாய், ரெட் ஆலோசனை. ஒரு குடும்பம் ஒரு முன்பாதியைப் பிடித்துக்கொண்டு பின்பாதியை மட்டும் மாற்றிக்கொண்டே போகும். எசெக்ஸ் அரசர்களுக்கு முழுப் பாதிகூட வேண்டாம், முதல் ஒலி ஒன்றே போதும்: ஸ்லெட்டா, சேபெர்ட், சிகெபெர்ட் என்று ஒரே 'ச'கர வரிசை.

பிராங்குகள் வழக்கம் வேறு. அவர்கள் நம்மைப் போல, முன்னோர் பெயரை அப்படியே வைப்பவர்கள். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. க்ளோவிஸும் லூயியும் ஒரே பெயர். க்ளோத்தாரும் லோத்தாரும் ஒரே பெயர். 778-இல் பிராங்கு அரசர் சார்லமேனுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது லூயி, லோத்தார் என்று பெயரிட்டார். தன் அப்பா எந்த வம்சத்தை இறக்கிவிட்டுச் சிம்மாசனம் ஏறினாரோ, அந்த வம்சத்துப் பெயர்கள்! பெயர் ஒன்றாயிருக்கிறது என்று கோடு போட்டுவிடாதீர்கள், அங்கே இருப்பது உறவு அல்ல, உரிமை கோரல்.

வலப்பக்கம் வரையும்போது ஒரு ராஜாவுக்குக் கீழே ஒரு ராஜா என்று போடவே முடியாது. சில்டெரிக்கின் மகன் க்ளோவிஸ் 511-இல் இறந்ததும் ராஜ்யத்தை நான்கு மகன்கள் பிரித்துக்கொண்டார்கள். அதில் க்ளோத்தார் மட்டும் மிஞ்சி எல்லாவற்றையும் சேர்த்தார். அவர் 561-இல் இறந்ததும் மறுபடி நான்கு பங்கு. பங்காளிச் சண்டையை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இவர்களுடையது வரப்புத் தகராறு அல்ல, கொலை. அதனால் நான் இரண்டு அடையாளம் வைத்திருக்கிறேன்: கொல்லப்பட்டவருக்குக் கத்தி, முடி வெட்டப்பட்டவருக்குக் கத்தரிக்கோல்.

ஏன் கத்தரிக்கோல்? தமிழில் முடி என்றால் தலைமயிரும்தான், கிரீடமும்தான். மெரோவிங்கியர்களுக்கு இரண்டும் நிஜமாகவே ஒன்று. நீளமாக முடி வளர்த்தவன்தான் ராஜா. க்ளோவிஸின் மகன்களில் ஒருவரான க்ளோடொமெர் 524-இல் போரில் இறந்தார். அவருடைய சிறுபிள்ளைகளைச் சித்தப்பாக்கள் பிடித்துவைத்துக்கொண்டு, பாட்டி க்ளோட்டில்டாவிடம் ஒரு ஆளை அனுப்பினார்கள். அவன் கையில் ஒரு கத்தரிக்கோல், ஒரு வாள். எது என்று கேட்டான். முடி இழந்து வாழ்வதைவிடச் செத்தாலும் சரி என்று அவள் சொன்னதாக தூர் நகர ஆயர் கிரெகரி எழுதிவைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகளுக்குக் கத்தி. தப்பிய மூன்றாமவன் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு துறவியானான், அவனுக்குக் கத்தரிக்கோல். 751-இல் கடைசி மெரோவிங்கியர் மூன்றாம் சில்டெரிக்கையும் முடி மழித்து மடத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் கத்தரிக்கோலோடு வம்சமே முடிகிறது.

அதற்குப் பிறகு வலப்பக்கம் சுலபம், சார்லமேனின் வம்சம்தான். ஆர்னுல்ஃபின் மகனும் மூத்த பெப்பினின் மகள் பெக்காவும் கல்யாணம் செய்துகொண்டதில் தொடங்கி, அடுத்த பெப்பின், சார்ல்ஸ் மார்ட்டல், 751-இல் ராஜாவான குட்டை பெப்பின், சார்லமேன், லூயி, வழுக்கை சார்ல்ஸ். ஒரு மத்தியான நேரத்தில் முடித்துவிடலாம்.

இப்போது கடல். பாவு மட்டும் இழுத்துவைத்தால் புடவை ஆகாது, ஊடை ஓட வேண்டும். வீட்டில் மிச்சமான பட்டு நூலை எடுத்து, கடல் தாண்டிய ஒவ்வொரு பெண்ணுக்கும் குறுக்கே ஒரு இழை ஒட்டினேன். முதல் இழை பெர்த்தா. பாரிஸ் அரசர் காரிபெர்ட்டின் மகள், கென்ட் அரசர் எதெல்பெர்ட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, கூடவே ஒரு ஆயரையும் அழைத்துப் போனவள். 597-இல் அகஸ்டின் கிறிஸ்தவம் பரப்ப அங்கே போய் இறங்கியபோது ராணி ஏற்கெனவே ஜெபம் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய மகள் எதெல்பர்க்கை வடக்கே நார்தம்பிரியா அரசர் எட்வினுக்குக் கொடுத்தார்கள். எட்வின் 633-இல் போரில் இறந்ததும் அவள் கென்ட்டுக்கு ஓடிவந்தாள். அங்கேயும் பயந்து, மகனையும் எட்வினின் பேரனையும் பிராங்கு அரசர் டகோபெர்ட்டிடம் அனுப்பிவைத்தாள். அந்த நூல் திரும்பிப் போகிற இழை.

ஓடாமல் அறுந்த இழைக்கும் இடம் விடுங்கள். மெர்சியா அரசர் ஓஃபாவின் மகளைத் தன் மகனுக்குக் கேட்டார் சார்லமேன். அப்படியானால் உங்கள் மகள் பெர்த்தாவை என் மகனுக்குக் கொடுங்கள் என்றார் ஓஃபா. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நம் ஊரில் சாதாரணம். சார்லமேனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. 790 வாக்கில் ஆங்கிலேய வணிகர்களுக்குத் துறைமுகத்தையே மூடினார்.

அப்புறம் ஜூடித். என்னுடைய நான்கு தாளும் வீணானது இவளால்தான். வழுக்கை சார்ல்ஸின் மகள், வயது 12 அல்லது 13. ரோம் யாத்திரை முடித்துத் திரும்பிய வெசெக்ஸ் அரசர் எதெல்வுல்ஃபுக்கு 856 அக்டோபர் 1 அன்று கட்டிக்கொடுத்தார்கள். அவருக்கு அவளைவிட வயதில் மூத்த பிள்ளைகள் இருந்தார்கள். வெசெக்ஸில் ராஜாவின் மனைவியை ராணி என்று அழைக்கும் வழக்கமே அப்போது கிடையாது. முன்னால் ஒருத்தி, ஓஃபாவின் இன்னொரு மகள், வைத்த விஷத்தில் புருஷன் செத்ததால் வந்த வெறுப்பு என்று ஆசர் என்ற துறவி எழுதுகிறார். ஆனாலும் கல்யாணத்திலேயே ஜூடித்துக்கு முடிசூட்டி அனுப்பினார்கள். 858-இல் எதெல்வுல்ஃப் இறந்தார். அவருடைய மகன் எதெல்பால்ட் அவளை மணந்தார். ஆசருக்கு அதைச் சொல்லவே கூசுகிறது. 860-இல் அவரும் இறந்தார். அவள் சொத்தை விற்றுக்கொண்டு அப்பாவிடம் திரும்பி, காவலில் இருந்தபடியே பால்ட்வின் என்பவரோடு ஓடிப்போனாள். போப்பாண்டவர் நடுவில் புகுந்து சமாதானம் செய்துவைக்க, 863-இல் முறைப்படி கல்யாணம். அவர்களுடைய மகன் இரண்டாம் பால்ட்வினுக்கு, எதெல்வுல்ஃபின் கடைசி மகன் ஆல்ஃபிரட் தன் மகள் எல்ஃப்த்ரித்தைக் கொடுத்தார்.

நான் முதலில் ஒரு மொபைல் செயலியில் ஏற்றிப் பார்த்தேன். அது மூன்று ஜூடித்தைக் காட்டியது. தாளிலேயே செய்யுங்கள்: ஒரு பெண்ணுக்கு ஒரே பெட்டி, அதிலிருந்து எத்தனை நூல் வேண்டுமானாலும் கிளம்பட்டும். நூலின் மேல் உறவுமுறையை நம் சொல்லால் எழுதுங்கள். ஆல்ஃபிரட்டுக்கு ஜூடித் முதலில் சித்தி, பிறகு அண்ணி. இதை என் மாமியாரிடம் காட்டினேன் (அவர் எனக்குச் சொந்த அத்தையும்கூட). கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "சித்தி மகன்னா அந்தப் பொண்ணுக்குச் சித்தப்பன். அண்ணி மகன்னா அண்ணன். எப்படிப் பார்த்தாலும் கட்டக் கூடாத முறையாச்சே" என்றார். இரத்த சம்பந்தம் இல்லை அத்தை என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. இந்த முறைதப்பிய இழையைப் பிடித்துக் கீழே இறங்கினால் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னரின் மனைவி மட்டில்டா வருவாள். இன்றைய இங்கிலாந்து அரச குடும்பம் ஆல்ஃபிரட்டைத் தாத்தா என்று சொல்லிக்கொள்ள இதுவும் ஒரு வழி.

ஆல்ஃபிரட்டின் மகன் எட்வர்டுக்கு மூன்று மனைவிகள், ஏகப்பட்ட மகள்கள், பாதிப் பேர் 'எட்'. மூன்றாம் மனைவி எட்கிஃபு, இரண்டாம் மனைவியின் மகளும் எட்கிஃபு. நான் இரண்டையும் ஒன்றாக்கி, ஒரு ராத்திரி முழுக்க எட்வர்டின் மனைவியை, வழுக்கை சார்ல்ஸின் பேரனான இன்னொரு பிராங்கு அரசர் சார்ல்ஸுக்குக் கட்டிவைத்திருந்தேன். எண் போட்டால் குழம்பும். மேட்டுத்தெரு சரசு, தறிக்கார சரசு என்று சொல்வதுபோல எழுதுங்கள்: எட்வர்ட் வீட்டு எட்கிஃபு, சார்ல்ஸ் வீட்டு எட்கிஃபு. சார்ல்ஸ் வீட்டுக்காரியின் மகன் லூயி, எட்வர்டின் மகனான தாய்மாமன் எதெல்ஸ்டன் வீட்டில் வளர்ந்து, 936-இல் திரும்பிப் போய் ராஜாவானான். 'கடலுக்கு அப்பாலிருந்து வந்த லூயி' என்றே பெயர். அவளுடைய தங்கை எட்கித் ஜெர்மனியின் ஓட்டோவுக்கு மனைவியானாள். 2008-இல் மாக்டபர்க் தேவாலயத்தில் அவளுடைய எலும்புகள் கிடைத்தன. பல்லைச் சோதித்து, வெசெக்ஸ் மண்ணில் வளர்ந்தவள்தான் என்றார்கள்.

கடைசியில் சில பெட்டிகள் காலியாக நிற்கும். பயப்படாதீர்கள். பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் எதெல்வேர்ட் என்ற பிரபு, ஆல்ஃபிரட்டின் அண்ணன் வழியில் வந்தவர், எட்கித்தின் பேத்தியான எஸ்ஸன் மடத்துத் தலைவி மட்டில்டாவுக்காக லத்தீனில் ஒரு வரலாறே எழுதினார். அதன் முகப்பில் நம் வீட்டுப் பெண்களை எங்கெங்கே கொடுத்தோம் என்று வரிசையாகச் சொல்லிவருகிறார். ஒருத்தியிடம் வந்ததும் நின்றுவிடுகிறார். ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஏதோ ஒரு ராஜாவுக்குக் கொடுத்தது, உனக்குத்தான் அந்தப் பக்கம், விசாரித்துச் சொல் என்கிறார்.

அந்தப் பெட்டியில் 'ஆல்ப்ஸ் பக்கம்' என்று மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறேன். எங்கள் சொந்த வம்சத் தாளிலும் அப்படி ஒன்று இருக்கிறது. மாமனாரின் பாட்டிக்கு ஒரு தங்கை. பெயர் யாருக்கும் நினைவில்லை. மைசூர் பக்கம் கொடுத்தது என்பார் மாமியார்.