சார்த்தேபாரி வெண்கலப் பட்டறையின் தொழில்நுணுக்கத்தைப் பதிவு செய்வது எப்படி?

அசாமின் மேற்குப் பகுதியிலுள்ள சார்த்தேபாரியில் பாத்திரம் அடிப்போரின் கைத்திறனை அடுத்த தலைமுறைக்காகப் பதிவு செய்ய விரும்புவோர், முதலில் எந்த உலோகத்தைப் பற்றிக் கேட்கப் போகிறோம் என்பதில் தெளிவாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலமே சார்த்தேபாரியின் உலோகம். செம்போடு துத்தநாகம் சேர்ந்த பித்தளைத் தகட்டை வெட்டி, தட்டி, பற்றவைத்துப் பாத்திரம் செய்வது குவாஹாத்திக்கு அருகிலுள்ள ஹாஜோவில் வாழும் மரியா சமூகத்தாரின் தொழில். இரண்டு ஊருக்கும் ஒரே கேள்விப் பட்டியலைக் கொண்டு போவதில் பயனில்லை.

சார்த்தேபாரிப் பட்டறையில் ஓஜா எனப்படும் தலைமைக் கைவினைஞரும், பாலி எனப்படும் உதவியாளர்களும் ஒரு குழுவாக வேலை செய்கிறார்கள். பழைய, உடைந்த பாத்திரங்களை மூசையில் (உலோகம் உருக்கும் கலம்) உருக்கி வட்டக் கட்டிகளாக வார்த்து, அவற்றைக் காய்ச்சிக் காய்ச்சி அடித்துத்தான் தட்டும் கிண்ணமும் உருவாகின்றன. இவ்வளவு வெள்ளீயம் கலந்த உலோகம் ஆறிவிட்டால் கண்ணாடியைப் போல் நொறுங்கும். சுமார் 600 டிகிரி செல்சியசுக்கு மேல், சிவந்திருக்கும்போதுதான் சம்மட்டி அடியைத் தாங்கும். எனவே எத்தனை அடி விழுந்தது என்பதை விட, எந்த நிறம் வந்ததும் அடி நின்றது என்பதையே கவனித்து எழுத வேண்டும். கைபேசிக் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து நெருப்பின் நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதால், அந்த அமைப்பை நிறுத்திவிட்டுப் படமெடுங்கள். பிறகு வேலை ஓய்ந்த நேரத்தில் ஓஜாவுடன் அமர்ந்து படத்தைப் போட்டு, "இந்த இடத்தில் ஏன் நிறுத்தச் சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். உலையருகே நின்று கேட்டால் பதில் ஒற்றைச் சொல்லில்தான் வரும், அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

சூடாக இருக்கும் பாத்திரத்தைத் தண்ணீரில் அமிழ்த்தும் கட்டத்தைத் தனியாகப் பதியுங்கள். எஃகு இப்படிச் செய்தால் கடினமாகி எளிதில் உடையும். இந்த வெண்கலத்திலோ, அதற்கு மாறாக, நொறுங்கும் தன்மை குறைகிறது. அமிழ்த்தும் கணத்தை ஓஜா எதைக் கண்டு முடிவு செய்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் விட்டுவிடுவது விரிசல் விட்ட பாத்திரங்களைத்தான். அவை உடனே மூசைக்குத் திரும்பிவிடுவதால், தவறு எங்கே நேர்ந்தது என்ற அறிவும் கூடவே போய்விடுகிறது. உருக்குவதற்கு முன் அவற்றைப் படமெடுத்து, விரலால் சுண்டி ஓசையையும் பதிவு செய்து, குறையில்லாத பாத்திரத்தின் நீண்ட ஓசையோடு சேர்த்து வையுங்கள். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட உதவும் பாடம் வேறில்லை என்பது என் கருத்து.

தொழிலின் பொருளாதாரத்தையும் ஒதுக்க வேண்டாம். இங்கு 1933இலேயே கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. 2024இல் சார்த்தேபாரி உலோகக் கைவினைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் உலோகத்தை வணிகர் கொடுக்க, செய்கூலியை மட்டும் பெறும் குடும்பத்துப் பிள்ளை இத்தொழிலுக்கு வருவானா என்பது கூலியைப் பொறுத்தது. ஆகவே இளைய பாலிகளிடம் தனியாகப் பேசுங்கள்.

பதிவுக்காக உலை காத்திருக்கும் நேரத்துக்குக் குழுவுக்குப் பணம் கொடுங்கள். எதை வெளியிடக் கூடாது என்று ஓஜாவிடம் முன்பே கேட்டுக்கொண்டு, முடிந்த பதிவின் ஒரு படியை அசாமிய மொழி விளக்கத்துடன் பட்டறையிலேயே ஒப்படையுங்கள்.