இளங்குதிரையின் குளம்பில் வெடிப்பா? புதிதாகக் குதிரை வளர்ப்பவர்களுக்கான செய்முறை

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். குளம்பில் விழுந்த வெடிப்பு ஒட்டாது. குளம்புச் சுவரும் நம் விரல் நகமும் ஒரே பொருள்தான், கெரட்டின். கீறிய நகம் வளர்ந்து வெளியே வந்த பிறகு வெட்டி எறிகிறோம் அல்லவா, குளம்பும் அப்படித்தான். மயிரும் குளம்பும் சேரும் மேல் விளிம்பிலிருந்து புதுக் குளம்பு இறங்க இறங்க, பழைய வெடிப்பு தரைப்பக்கம் தள்ளப்பட்டுக் கடைசியில் சீவப்படும். ஆகவே நமக்கு இரண்டே வேலைகள். இறங்கி வரும் புதுக் குளம்பு கெட்டியாக வர வேண்டும். அதற்குள் பழைய வெடிப்பு மேலே ஏறிவிடக் கூடாது.

வளர்ந்த குதிரைக்குக் குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். முன்நுனி முழுவதும் மாற 9 முதல் 12 மாதம் ஆகும். குட்டிகளுக்கு வேகம் இன்னும் அதிகம், அதனால் வெடிப்பும் சீக்கிரம் இறங்கிவிடும். ஆனால் சீவாமல் விட்டால் அதே வேகத்தில் குளம்பு நீண்டு விரிந்து பிளக்கவும் செய்யும்.

முதல் வேலை: காலைத் தூக்கிச் சுத்தம் செய்வது

குதிரையின் தோள் பக்கம், அதன் வால் திசையைப் பார்த்து நில்லுங்கள். தோளில் கை வைத்து, கையை எடுக்காமலே காலோடு கீழே தடவிக்கொண்டு போய், "தூக்கு" என்று ஒரே சொல்லைத் தினமும் சொல்லுங்கள். இளங்குதிரைக்கு மூன்று காலில் நிற்கும் பழக்கம் இன்னும் வந்திருக்காது. காலை உயரமாகவும் பக்கவாட்டிலும் இழுக்காமல், தாழ்வாகச் சில நொடிகள் பிடித்தால் போதும். அது பிடுங்கிக்கொள்வதற்கு முன் நீங்களே மெதுவாகக் கீழே வையுங்கள். இந்தப் பழக்கம் சரியாக வராவிட்டால் லாடக்காரர் வரும் நாளெல்லாம் சண்டையாகத்தான் போகும்.

குளம்பு சுரண்டும் கொக்கியைக் குதிகால் பக்கத்திலிருந்து நுனி நோக்கி இழுங்கள். நடுவில் முக்கோணமாக, ரப்பர் போல மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். அதைக் குத்தாதீர்கள், இரு பக்கப் பள்ளங்களில் இருக்கும் சாணியையும் மண்ணையும் மட்டும் எடுங்கள். அங்கே கறுப்பாகக் கசிந்து அழுகிய நாற்றம் அடித்தால் அது வெடிப்பு அல்ல, தனி நோய்த்தொற்று. அதற்கும் மருந்து வேண்டும். பிறகு காய்ந்த பிரஷ்ஷால் குளம்புச் சுவரைத் தேய்த்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மண் ஒட்டியிருக்கும்போது பெரிதாகத் தெரிந்த கோடு, தேய்த்த பிறகு மேலோட்டமான கீறலாக இருப்பதும் உண்டு. மயிரிழை போலத் தெரிந்தது உள்ளே ஆழமாகப் போவதும் உண்டு.

எந்த வகை வெடிப்பு?

தரைப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிப் போகும் வெடிப்புதான் அதிகம் பார்ப்பது. குளம்பு நீண்டுபோனதால் வருவது, பெரும்பாலும் வீட்டுப் பராமரிப்புக்கும் லாடக்காரரின் அரத்துக்கும் கட்டுப்படும்.

மேல் விளிம்பிலிருந்து கீழே இறங்கும் வெடிப்பு அப்படியல்ல. குளம்பு உற்பத்தியாகும் இடமே அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். இதை நீங்களாக வைத்தியம் பார்க்க வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

குறுக்கே ஓடும் பிளவு, விளிம்பில் பட்ட அடியாலோ உள்ளே கட்டியிருந்த சீழ் மேலே உடைந்ததாலோ வந்திருக்கும். குட்டிகளின் குளம்பைச் சுற்றி ஒரு வளையக் கோடு மெல்ல இறங்கி வருவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். தாய் வயிற்றில் உருவான குளம்புக்கும் பிறந்த பின் வளர்ந்த குளம்புக்கும் நடுவே விழும் கோடு அது. வெடிப்பு அல்ல.

வெடிப்பைப் பார்த்ததும் குளம்பின் மேல் உள்ளங்கையை வைத்து, மற்றக் காலோடு ஒப்பிட்டுச் சூடு பாருங்கள். சூடு, நொண்டல், ரத்தக் கசிவு, சீழ், விளிம்பில் வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வண்டியில் ஏற்றுவதற்கு முன் உங்கள் மருத்துவருக்குப் படங்களை அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள், நொண்டும் குட்டியை அலைக்கழிப்பது அதற்குப் பெரிய வேதனை. ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் உடனே பாருங்கள். அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. குதிரைகள் அதற்கு மிக எளிதில் பலியாகும்.

நம் ஊர் ஈரமும் வெயிலும்

குளம்பை மிக மோசமாகக் கெடுப்பது நனைவதும் காய்வதுமாக மாறி மாறி நடப்பது. ஈரத்தில் ஊறி இளகும், காயும்போது சுருங்கும், அந்த இழுவையில் பிளக்கும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை லாயத்துத் தரை காயவே காயாது. கத்திரி வெயிலிலோ குதிரைக்குச் சூடு தணிய ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடிக்கிறோம், அந்தத் தண்ணீர் முழுவதும் குளம்பில்தான் இறங்குகிறது. அடித்த கையோடு கொதிக்கும் சிமெண்ட் தரையில் நிறுத்திவிடுகிறோம்.

இதை மாற்றுங்கள். உடம்புக்கு ஸ்பாஞ்சால் துடைத்தாலே பாதி வேலை முடியும். குளித்த பிறகு குளம்பைப் பழந்துணியால் துடைத்து நிழலில் நிறுத்துங்கள். கடற்கரை மணலில் நடத்திக் கூட்டி வந்தால், வெடிப்புக்குள் புகுந்த மணலைப் பிரஷ்ஷால் எடுத்து, நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள். உள்ளே தங்கும் ஒவ்வொரு மணலும் நடக்க நடக்க வெடிப்பை நெம்பும். மழைக்காலத்தில் லாயத்தின் ஒரு மூலையையாவது மேடாக்கி, காய்ந்த வைக்கோலோ மரத்தூளோ போட்டு, மூத்திரம் ஊறிய பகுதியைத் தினமும் அள்ளிவிட வேண்டும்.

வெடிப்புக்கு என்ன போடலாம்?

கொஞ்சம்தான். சுத்தம் செய்து காய்ந்த பிறகு, தண்ணீரில் கலந்து நீர்த்த போவிடோன் அயோடினை வெடிப்பைச் சுற்றித் தடவலாம். எண்ணெய் குளம்பை வளர்க்காது, குளம்புக்கு உணவு உள்ளிருந்து ரத்தத்தில்தான் வருகிறது. பழைய எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம். எம்-சீல், பசை, அரக்கு என்று எதையாவது வைத்து வெடிப்பை அடைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். உள்ளே மாட்டிக்கொண்ட அழுக்கும் கிருமியும் சீழ் கட்ட அதுவே வழி செய்துவிடும்.

லாடக்காரர்

இளங்குதிரைக்கு 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவ வேண்டும். வெடிப்பு இருந்தால் 4 வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, குளம்பின் கீழ் ஓரத்தை அரத்தால் ராவி உருட்டிவிடச் சொல்வது. ஓரம் கூர்மையாகத் தரையில் ஊன்றினால் ஒவ்வொரு அடியிலும் வெடிப்பை விரிக்கும், உருண்டிருந்தால் அந்த நெம்புதல் குறையும். வளரும் குளம்புக்கு அவசரப்பட்டு லாடம் அடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. விரிந்து வளர வேண்டியதை ஆணி அடித்துக் கட்டிப்போடுவது அது. தவிர்க்க முடியாத நிலை என்றால் மருத்துவர் சொல்லட்டும். நீங்களாகக் கத்தி எடுக்காதீர்கள்.

தீனி

வெறும் தவிட்டையும் கொள்ளையும் நம்பி வளர்க்கும் குட்டிக்குக் குளம்பு சரியாக வராது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. வளரும் குதிரைக்கு அது தலைகீழாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எலும்பும் கெடும். குதிரைமசால் என்ற பசுந்தீவனம் கிடைத்தால் கொஞ்சமாவது சேருங்கள், அதில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. துத்தநாகமும் தாமிரமும் உள்ள தாது உப்புக் கலவை தேவை. குதிரைக்கென்று செய்ததையே வாங்குங்கள். பயோட்டின் என்ற வைட்டமினை வளர்ந்த குதிரைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் தருவது வழக்கம், குட்டிக்கு எடை பார்த்து மருத்துவர் அளவு சொல்வார். பலன் புதுக் குளம்பில்தான் தெரியும், அதற்குப் பல மாதம் பொறுக்க வேண்டும்.

இறங்குகிறதா, ஏறுகிறதா?

வெடிப்பின் மேல் முனையில் மார்க்கரால் ஒரு சின்னக் குறுக்குக் கோடு போடுங்கள். பக்கத்தில் ஸ்கேலை வைத்து, மேல் விளிம்பும் தெரியும்படி படம் எடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே கோணத்தில் எடுத்து வாருங்கள், மார்க்கர் அழியும்போதெல்லாம் பழைய கோட்டின் மேலேயே திரும்பப் போடுங்கள். மேல் விளிம்புக்கும் வெடிப்பின் முனைக்கும் இடையிலான தூரம் கூடிக்கொண்டே போனால் நல்ல குளம்பு இறங்குகிறது. தூரம் அப்படியே நின்றால், குளம்பு வளரும் அதே வேகத்தில் வெடிப்பும் ஏறுகிறது, சீவும் இடைவெளியையும் தரையின் ஈரத்தையும் திரும்பப் பாருங்கள். குறைந்தால் மருத்துவர். இந்தப் படங்களை லாடக்காரர் வரும்போது காட்டுங்கள், எந்தப் பக்கம் அதிகம் ராவ வேண்டும் என்பதை அவர் அதை வைத்துச் சொல்லிவிடுவார்.