ரங்கூன் டு சென்னை: தூரமும் பறக்கும் நேரமும் போனிலேயே கணக்குப் போடுவது எப்படி?

சித்தப்பா சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு வந்து, "காலை 10 மணிக்குக் கிளம்பி 11:40-க்கு இறங்கிடுது, திரும்பி வர்றப்ப மட்டும் 3:40 மணி நேரம் ஆகுதே, போறப்ப இறக்கமா, வர்றப்ப ஏத்தமா?" என்று கேட்டார். டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரத்தையும் அப்படியே கழித்தால் இந்தக் குழப்பம்தான் வரும். தூரத்தை முதலில் பிடியுங்கள்.

முதல் வேலை, கூகுள் மேப்பில் நம் ரங்கூனின் மிங்கலாடோன் ஏர்போர்ட் ஓடுபாதை மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண் வரும்: 16.91, 96.13. முதலில் இருப்பது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். மீனம்பாக்கத்துக்கு 12.99, 80.17. அட்சரேகை வித்தியாசம் 3.92, தீர்க்கரேகை வித்தியாசம் 15.96.

இப்போது டிகிரியைக் கிலோமீட்டராக்க வேண்டும். பூமியைச் சுற்றினால் சுமார் 40,000 கி.மீ., அதை 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. அப்படியானால் தெற்கு வடக்காக 3.92 × 111 = 435. கிழக்கு மேற்குக்கு மட்டும் இந்த 111 சரிவராது, ஏனென்றால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிக்கொண்டே போகும், உரித்த ஆரஞ்சுப் பழத்துச் சுளை மாதிரி. அதனால் இரண்டு அட்சரேகைக்கும் சராசரி எடுத்து (14.95) கால்குலேட்டரில் காஸ் (cos) பட்டனை அழுத்துங்கள், 0.966 வரும். மைனஸ் 0.73 என்று வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள். நான் முதல் தடவை மாட்டியது இங்கேதான். 111 × 0.966 × 15.96 = 1,711.

அப்புறம் பள்ளியில் படித்த பிதாகரஸ்தான். 435-இன் வர்க்கம், 1,711-இன் வர்க்கம், கூட்டி வர்க்கமூலம்: சுமார் 1,765 கி.மீ. பூமியின் வளைவைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் மாறும். லண்டன் மாதிரித் தொலைவுக்கு இந்த வழி ஆகாது, அதற்கு வளைவுக் கணக்கு வேண்டும்.

நேரம் சுலபம். இந்த வழிக்கு ஏற்ற ஏ320 மாதிரி விமானம் உயரத்தில் மணிக்கு 830 கி.மீ. அளவில் போகும். 1,765 ÷ 830, கிட்டத்தட்ட 2 மணி 8 நிமிடம். ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணி சேர்த்தால் 2 மணி 40 நிமிடம். காற்று பத்து இருபது நிமிடம் முன்பின் ஆக்கும்.

சரி, சித்தப்பாவின் ஏற்ற இறக்கம்? நம் ரங்கூன் கடிகாரம் சென்னைக் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 10 மணிக்குக் கிளம்பினால் நம்மூர் நேரத்துக்கு 12:40, அங்கே 11:40. திரும்பும்போது அதே ஒரு மணி நேரம் கூடிவிடுகிறது, அவ்வளவுதான்.

நேரடி விமானம் கிடைக்காமல் பாங்காக் வழியாகப் போகிறவர்கள் இரண்டு துண்டாகப் போட வேண்டும். ரங்கூன்–பாங்காக் சுமார் 610, பாங்காக்–சென்னை சுமார் 2,220, ஆக 2,830 கி.மீ. சென்னை மேற்கே இருக்க, கிழக்கே போய்த் திரும்புகிறோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்று, இதில் அரை மணியையும் இரண்டு தடவை சேர்க்க வேண்டும், நடுவில் காத்திருப்பது தனி.